பெண்டு எடுத்தும் நிற்காத பின் சக்கரம்: ரிம்மை மாற்றணுமா?

கேள்வி | 2024 ஜனவரி 20

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். 26 இஞ்ச் கியர் சைக்கிள், அலாய் ரிம், வி-பிரேக். போன டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் கீழ்வீட்டில் நிறுத்தியிருந்தது, தண்ணீர் வடிகிறவரைக்கும் பாதி முங்கியே நின்றது. அதற்கப்புறம் பின் சக்கரம் ஆட ஆரம்பித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை பிரேக் கட்டையில் உரசுகிறது. கடையில் இரண்டு தடவை பெண்டு எடுத்தாச்சு (கம்பிகளைத் திருகி ரிம்மை நேராக்குவது). ஒரு வாரம் நன்றாக ஓடும், அப்புறம் அதே இடத்தில் ஆட்டம். போன வாரம் ஒரு ஸ்போக்ஸ் கம்பியும் அறுந்து போச்சு. "இந்தக் காலத்து ரிம் எல்லாம் தகரம், தாத்தாவோட ஹெர்குலஸ் ரிம் கடைசி வரைக்கும் ஆடவே இல்லை" என்று வீட்டில் சொல்கிறார்கள். ரிம் மட்டும் மாற்றினால் போதுமா, முழு வீலையே மாற்றுவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்க அண்ணே.

ஜனவரி 20, இரவு

தம்பி, காசை எடுத்து வைக்காதே, முதலில் ஆட்டம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்.

பின் டயரின் உச்சியைக் கையால் பிடித்து இடமும் வலமும் தள்ளு. கையில் டக் டக் என்று தட்டினால் கோன் (அச்சில் பால்ரஸ் குண்டுகளை அழுத்திப் பிடிக்கிற கூம்பு) லூஸ், ரிம்முக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அச்சு நட்டு இரண்டு பக்கமும் இறுகியிருக்கிறதா, சக்கரம் சட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார். அப்புறம் சக்கரத்தைச் சுழலவிட்டு ரிம்மை மட்டும் கவனி. டயரைப் பார்க்காதே. டயர் சரியாக உட்காராமல் ஒரு இடத்தில் புடைத்திருந்தால் ரிம் நேராக இருந்தாலும் கண்ணுக்கு ஆடுவது போலத்தான் தெரியும்.

ஜனவரி 21, காலை

கோனில் தட்டல் இல்லை, ஆனால் சுற்றும்போது மணல் அரைபடுகிற மாதிரி கரகரக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அது வெள்ளத் தண்ணீர் செய்த வேலை, அதற்கு அப்புறம் வருகிறேன். ரிம்மும் நிஜமாகவே ஆடுகிறது என்பதால் இன்றைக்கு அதை முடிப்போம்.

சைக்கிளைக் கவிழ்த்து, சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் படும்படி நிறுத்து. கவிழ்த்தால் இடம் வலம் குழம்பிவிடும். அதனால் "செயின் பக்கம்", "சும்மா பக்கம்" என்றே பேசுவோம். ரிம்மில் வருகிற கம்பிகளைப் பார், ஒன்று ஹப்பின் (சக்கரத்தின் நடுக் குடம்) செயின் பக்கத்துத் தட்டிலிருந்து வரும், அடுத்தது சும்மா பக்கத்துத் தட்டிலிருந்து. இரண்டு கோஷ்டியும் நாள் முழுக்கக் கயிறு இழுக்கும் போட்டி நடத்திக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் மாட்டியிருப்பது ரிம். ரிம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்து ஆட்கள் ஜாஸ்தியாக இழுக்கிறார்கள், அல்லது எதிர்ப்பக்கத்தில் ஒருத்தன் கையை விட்டுவிட்டான்.

பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆகவே கம்பி திருப்புகிற சாவியை எடுப்பதற்கு முன்னால் எல்லாக் கம்பியையும் ஒவ்வொன்றாக விரலால் மீட்டிப் பார். ஆடுகிற இடத்தில் ஒன்றோ இரண்டோ சத்தமே இல்லாமல் தொளதொளவென்று இருக்கும். அதை மட்டும் முதலில் இறுக்கிவிட்டுச் சுழற்றினால் பாதி ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். உனக்கு அறுந்த கம்பி வேறு இருக்கிறது. அதை மாற்றாமல் பெண்டு எடுப்பது வீண் வேலை.

மீதி ஆட்டத்துக்கு ஒரு சாக்பீஸ் போதும். கையைச் சட்டத்தில் ஊன்றி, சாக்பீஸின் நுனி ரிம்மின் பக்கவாட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுழற்று. எங்கே தள்ளியிருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். கோடு செயின் பக்கத்தில் விழுந்தால், அந்தக் கோட்டின் நீளத்துக்குள் வருகிற சும்மா பக்கத்துக் கம்பிகளை இறுக்க வேண்டும், செயின் பக்கத்துக் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். இரண்டும் செய்ய வேண்டும். கோட்டின் நடுவில் உள்ள கம்பிக்கு அரைத் திருப்பு, ஓரத்தில் உள்ளவற்றுக்குக் கால் திருப்பு. சுழற்று, கோட்டைத் துடை, மறுபடி சாக்பீஸ்.

கடையில் அவசரத்துக்கு இறுக்குவதை மட்டும் செய்வார்கள். அன்றைக்கு நேராகிவிடும், பொய் இல்லை. ஆனால் ஒரே இடத்தில் இறுக்கிக்கொண்டே போனால் ரிம் ஹப்பை நோக்கி இழுபட்டுப் பள்ளமாகும், அந்த ஒரு கம்பி மட்டும் மற்றதை எல்லாம்விட விறைப்பாக நிற்கும், பக்கத்துக் கம்பிகள் சோம்பேறியாகும். அடுத்த பள்ளத்தில் ஏறி இறங்கினால் பழைய கதை. "அதே இடத்தில் மறுபடியும்" என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு அதைப் படித்ததுமே சந்தேகம் இதில்தான்.

எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று எல்லோருக்கும் குழப்பம் வரும். டயர் இல்லை என்று வைத்துக்கொள், ரிம்முக்கு வெளியே நின்று நிப்பிள் (கம்பியின் நுனியை ரிம்மில் பிடித்திருக்கிற சின்ன நட்டு) தலையில் ஸ்க்ரூ டிரைவரை வைக்கிறாய். கடிகாரம் சுற்றுகிற திசையில் திருப்பினால் இறுகும், சாதாரண ஸ்க்ரூ மாதிரியே. நீ ஹப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவே எதிர்த்திசையாகத் தெரியும். சந்தேகமாக இருந்தால் ஒரு கம்பியைத் திருப்பி மீட்டு. சத்தம் மேலே ஏறினால் இறுகுகிறது.

ஜனவரி 21, மதியம்

"வீலைக் காயலாங்கடையில் போட்டுட்டுப் புதுசு வாங்குப்பா" என்று ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். வாத்தியாரே, உங்களுக்குப் பல் வலி வந்தால் தலையை மாற்றுவீர்களா?

ஜனவரி 23

தாத்தாவின் ஹெர்குலஸ் ஆடவே இல்லை என்பது. ஆடியிருக்கும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

28 இஞ்ச் வண்டியில் கம்பித்தண்டு பிரேக் இருந்ததே, அதில் கட்டை ரிம்மின் பக்கத்தில் பிடிக்காது. லீவரை அழுத்தினால் தண்டு மேலே இழுக்கும், கட்டை ரிம்மின் உள்வளைவில், ஹப்பைப் பார்த்த முகத்தில் போய் அழுந்தும். ரிம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடம் வலமாக ஆடினாலும் கட்டைக்குத் தெரியாது. மேலும் கீழும் குதித்தால்தான் பிடிக்கும்போது வெட்டி வெட்டிப் பிடிக்கும். உன் வி-பிரேக்கில் கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளியே ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஒரு இழை தள்ளினாலும் சரக் சரக் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய வண்டிக்கு இன்னொரு பலமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பின் சக்கரத்தில் 40 கம்பி, முன்னால் 32. பின்னால் ஒற்றைப் பல்சக்கரம்தான் என்பதால் இரண்டு பக்கத்துக் கம்பியும் கிட்டத்தட்ட ஒரே சாய்வில் நிற்கும். கியர் வண்டியில் ஆறேழு பல்சக்கரம் அடுக்கினால் அதற்கு இடம் வேண்டும், ஹப்பின் செயின் பக்கத்துத் தட்டு உள்ளே தள்ளிப் போகும். அந்தப் பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நிற்பதால் ரிம்மை நடுவில் வைத்திருக்க அதிக விறைப்பு தேவைப்படும், சும்மா பக்கத்துக் கம்பிகள் சாய்வாகவும் தளர்வாகவும் இருக்கும். ஆக, கியர் வண்டியின் பின் சக்கரம் பிறக்கும்போதே ஒருக்களித்துப் பிறக்கிறது. தகரம் என்று ரிம்மைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

(ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் நம் பக்கத்திலேயே அம்பத்தூரில் உருவானவை. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் ஆரம்பித்தது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு, அதற்காகப் பொய் சொல்ல முடியாது.)

ஜனவரி 24

நிப்பிள் அசையவே இல்லை, சாவி வழுக்குகிறது என்கிறாய். எதிர்பார்த்ததுதான். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வெள்ளம் வராமலேயே உப்புக் காற்றில் நிப்பிள் பிடித்துக்கொள்ளும். உன் வண்டி முங்கியே நின்றது.

பலத்தைக் காட்டாதே. கம்பி நிப்பிளுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சொட்டு, நிப்பிள் ரிம்மைத் தொடுகிற இடத்தில் ஒரு சொட்டு, துரு விடுகிற எண்ணெய் எது கிடைத்தாலும் விட்டு ராத்திரி முழுக்க விடு. மண்ணெண்ணெய் கிடைத்தால் அதுவே போதும், இப்போது அது எங்கே கிடைக்கிறது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், புழுதியோடு சேர்ந்து பிசின் ஆகிவிடும். காலையில் முதலில் கால் திருப்பு தளர்த்திப் பார், அசைந்தால் அப்புறம் இறுக்கு. நேராக இறுக்கப் போனால் துருப்பிடித்த கம்பி முறுக்கிக்கொண்டு ஒடியும். பிரேக் கட்டை படுகிற இடத்தில் எண்ணெய் வழிந்திருந்தால் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஓட்டு, இல்லாவிட்டால் மூலக்கடை சிக்னலில் நிற்க வேண்டியவன் மாதவரத்தில்தான் நிற்பாய்.

சாவி விஷயம். வட்டமாகப் பல பொந்து வைத்த சாவி எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதில் எந்தப் பொந்து நுழைகிறதோ அதைப் போடாமல், நுழைகிறவற்றில் எது ரொம்பச் சின்னதோ அதைப் போட வேண்டும். பெரிய பொந்தைப் போட்டால் நிப்பிளின் நாலு மூலையும் மழுங்கிவிடும், அப்புறம் கம்பியை வெட்டி எடுப்பதைத் தவிர வழி இல்லை.

ஜனவரி 27

இன்றைக்குக் கொஞ்சம் சொந்தக் கதை. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் மாமா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் எனக்கு அங்கேதான் வேலை, பஞ்சர் தண்ணீர் மாற்றுவதும் வாடகை நோட்டில் மணி எழுதுவதும். சக்கரம் பெண்டு எடுக்க அவர் தனியாக எந்த ஸ்டாண்டும் வைத்திருக்கவில்லை. உடைந்த வண்டியிலிருந்து அறுத்த முன் போர்க் ஒன்றைச் சுவரோரக் கட்டையில் தலைகீழாக அடித்து வைத்திருந்தார், அதில் சக்கரத்தை மாட்டுவார். சாக்பீஸ்கூட எடுக்க மாட்டார். சக்கரத்தைச் சுழலவிட்டு ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை நீட்டுவார், அதன் தண்டு கம்பிகளின் மேல் கிணுகிணுவென்று தட்டிக்கொண்டே போகும். திடீரென்று சுருதி விட்டது மாதிரி ஒரு கம்பி மட்டும் "டொப்" என்று விழும். உடனே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, சரியாக அந்தக் கம்பியில் கட்டைவிரலை வைப்பார். ஆட்டம் எங்கே என்று கண்ணால் அவர் பார்த்ததே கடைசியில்தான்.

அவர் செய்ததில் இரண்டு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. ஒன்று, அவர் கேட்டது ஒரே பக்கத்துக் கம்பிகளை ஒன்றோடொன்று. ஒரே நீளம், ஒரே தடிமன் உள்ள கம்பிகள் ஒரே விறைப்பில் இருந்தால் ஒரே சுருதியில் ஒலிக்கும். கியர் வண்டியில் செயின் பக்கம் ஒரு சுருதி, சும்மா பக்கம் அதைவிடக் கீழே ஒரு சுருதி, இரண்டும் ஒன்றாக வேண்டும் என்று மல்லுக்கட்டக் கூடாது. இரண்டாவது, நிப்பிளைத் திருப்பும்போது தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி, அந்தக் கொஞ்சத்தைத் திரும்ப விடுவார். கை உதறல் என்று நினைத்திருக்கிறேன். நிப்பிளோடு சேர்ந்து கம்பியும் முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கை விடுவிக்காமல் விட்டால் ரோட்டில் இறங்கியதும் அதுவே விடுபடும், சக்கரம் மறுபடி கோணும். பெண்டு எடுத்த வண்டியில் ஏறியதும் டிக் டிக் என்று சத்தம் கேட்டால் இதுதான்.

வேலை முடிந்ததும் பக்கத்துப் பக்கத்தில் இணையாகப் போகிற இரண்டிரண்டு கம்பியாகச் சேர்த்துக் கையால் அழுத்திப் பிசைவார், சுற்றி வந்து மறுபடி ஒரு தடவை சரிபார்ப்பார். அதைச் செய்யாத வண்டி அவர் கடையை விட்டு வெளியே போகாது. வாடகை வண்டி ஆயிற்றே, ஆட்டம் வந்தால் மறுபடி அவர் தலையில்தான் விடியும். நம் தெருக் கடைக்காரர் பெண்டு எடுக்க வாங்குகிற காசுக்கு இவ்வளவு நேரம் உட்கார முடியாது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஜனவரி 28

பாரத்தைத் தாங்குவது மேல் கம்பியா கீழ் கம்பியா என்று இரண்டு பேர் நேற்று ராத்திரி முழுக்கச் சண்டை போட்டிருக்கிறீர்கள். தேநீர் கடையாக இருந்தால் கிளாஸ் உடைந்திருக்கும்.

கையால் பார்த்துவிடலாமே. ஒரு ஆளைச் சீட்டில் உட்காரவை, சுவரைப் பிடித்துக்கொள்ளட்டும். பின் சக்கரத்தில் தரையை ஒட்டி நிற்கிற கீழ்க் கம்பிகளை மீட்டு, அவர் இறங்கியதும் அதே கம்பிகளை மீட்டு. உட்கார்ந்தால் சுருதி சட்டென்று இறங்கும். மேல் பக்கத்துக் கம்பிகளில் வித்தியாசம் காதுக்கே தெரியாது. கம்பியால் தள்ள முடியாது, இழுக்கத்தான் முடியும். முன்கூட்டியே எல்லாக் கம்பியையும் விறைப்பாக இழுத்து வைத்திருப்பதால், பாரம் வரும்போது கீழே உள்ளவை அந்த விறைப்பில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கின்றன. அந்த விட்டுக்கொடுத்தல்தான் தாங்குதல். ஆகவே "கீழ் கம்பி" என்று சொன்னவர் ஜெயித்தார், ஆனால் அவர் சொன்ன காரணம் (முட்டுக் கொடுக்கிறதாம்) தப்பு.

இதில் உனக்கு வேண்டியது என்னவென்றால் தம்பி, கம்பி முதலிலேயே தளர்ந்து கிடந்தால் விட்டுக்கொடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கீழே வரும்போது முழுக்கத் தொய்ந்து, மேலே போகும்போது வெடுக்கென்று இழுபடும். தொய்கிற நேரத்தில் நிப்பிளைப் பிடித்து வைக்க எதுவும் இல்லாததால் அது தானாகக் கழன்று இன்னும் தளரும். முக்கால்வாசி ஆட்டத்துக்கு இதுதான் மூலம்.

கம்பிச் சக்கரத்தை முதலில் யோசித்தது சைக்கிளுக்கே இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஜார்ஜ் கெய்லி என்ற ஆங்கிலேயர் 1808-ல் பறக்கும் எந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டும் என்று இழுத்துக் கட்டிய கம்பியில் சக்கரம் யோசித்தார். இன்றைக்கு நாம் பார்க்கிற மாதிரி கம்பிகளை ஒன்றுக்கொன்று குறுக்கே விட்டுக் கோப்பதற்கு ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-ல் காப்புரிமை வாங்கினார். குறுக்கே போனால்தான் பெடல் மிதிக்கும்போது ஹப்பின் முறுக்கல் ரிம்முக்குப் போய்ச் சேரும்.

பிப்ரவரி 2

அறுந்த கம்பியின் படம் பார்த்தேன். நல்ல படம், பெரிதாக்கிப் பாருங்கள் எல்லோரும். கம்பி நடுவில் அறவில்லை, ஹப் தட்டின் ஓட்டைக்குள் வளைகிற கழுத்தில் அறுந்திருக்கிறது. அறுந்த முகத்தில் ஒரு பாதி கறுத்துத் துருவேறியிருக்கிறது, மீதி மட்டும் புதுசாகப் பளபளக்கிறது. கறுத்த பாதி என்றைக்கோ வெடித்தது. தொய்ந்து இழுபட்டு, தொய்ந்து இழுபட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. பளபளப்பு மட்டும்தான் போன வாரத்து வேலை. கம்பி ஒடிந்தால் "ஓவராக இறுக்கிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவது வழக்கம், இந்த மாதிரி முகத்தைப் பார்த்தால் நேர் எதிர்.

புதுக் கம்பி வாங்க அறுந்ததன் இரண்டு துண்டையும் கடைக்கு எடுத்துப் போ. நீளம் அளக்கிறவர்கள் கழுத்து வளைவின் உள்பக்கத்திலிருந்து மறையின் நுனி வரை அளப்பார்கள். உனக்கு அறுந்தது சும்மா பக்கம், ஆகவே பல்சக்கரத்தைக் கழற்றாமலே மாட்டலாம். செயின் பக்கமாக இருந்தால் அதற்கென்று இருக்கிற சாவியும் நல்ல வைஸும் வேண்டும், மிதித்து மிதித்து அது ஹப்போடு ஐக்கியமாகியிருக்கும். அதைக் கழற்றச் சோம்பல்பட்டுக் கம்பித் தலையைக் கொக்கியாக வளைத்து மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. வீடு போய்ச் சேர அது போதும், அதற்கு மேல் நம்பாதே.

மாட்டும்போது பக்கத்துக் கம்பி எப்படிப் போகிறதோ அப்படியே கொண்டுபோ. 36 கம்பிச் சக்கரத்தில் பொதுவாக ஒவ்வொன்றும் மூன்று கம்பியைக் கடக்கும், மூன்றாவதை மட்டும் மறுபுறமாக உரசிக்கொண்டு போகும். கம்பி நுனி நிப்பிளுக்கு வெளியே ரிம்முக்குள் நீட்டினால் அரத்தால் ராவிவிடு, இல்லாவிட்டால் ட்யூபில் உள்பக்கத்திலிருந்து ஓட்டை விழும், பஞ்சர் கடைக்காரர் டயரில் ஆணியைத் தேடிக்கொண்டே இருப்பார். ரிம் டேப் மக்கியிருந்தால் பழைய ட்யூபை வளையமாக அறுத்து அதன் மேல் போடலாம்.

பிப்ரவரி 4

இப்போது கரகரப்பு. வெள்ளத்தில் முங்கிய வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், மணலி, கொடுங்கையூர், புளியந்தோப்பு எல்லாம். வெளியே கழுவித் துடைத்து எண்ணெய் போட்டதோடு விட்டிருந்தால் ஹப்புக்குள் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் சேறு இருக்கிறது. எண்ணூர் முகத்துவாரம் பக்கம் அந்த டிசம்பரில் எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்தது, அந்தத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் ப்ரீவீலையும் (பின் பல்சக்கர அடுக்கு) சேர்த்து ஓவராயில் பண்ணாமல் தீராது.

பின் ஹப்பைத் திறந்தால் ஒரு பக்கத்துக்கு ஒன்பதாகக் கால் இஞ்ச் பால்ரஸ் குண்டுகள் இருக்கும், முன் ஹப்பில் வழக்கமாகப் பக்கத்துக்குப் பத்து, 3/16 இஞ்ச். குண்டைக் கழுவிப் போடுவதைவிடப் புதுசு போடுவது நல்லது, ஒன்றும் பெரிய காசு இல்லை. பழசையும் புதுசையும் கலக்க மட்டும் வேண்டாம், பெரிதாக இருக்கிற குண்டு மட்டும் பாரத்தைச் சுமந்து, குண்டு உட்காருகிற கப்பைக் குழி போடும். கோனைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார், குண்டு ஓடுகிற பாதையில் அம்மைத் தழும்பு மாதிரி குழி இருந்தால் கோனும் புதுசு.

கோனை இறுக்கும்போது சக்கரம் தடையில்லாமல் சுற்றவும் வேண்டும், தட்டவும் கூடாது. பூட்டு நட்டை இறுக்கினால் கோனும் கொஞ்சம் சேர்ந்து இறுகும் என்பதால் அந்தக் கொஞ்சத்தை முதலிலேயே விட்டு வைக்க வேண்டும். சரியாக அமைந்துவிட்டால் சக்கரத்தைச் சும்மா விட்டாலே கனமான இடம் தானாகக் கீழே வந்து, இப்படியும் அப்படியும் ஊசலாடித்தான் நிற்கும். நடுவிலேயே பிரேக் போட்ட மாதிரி நின்றால் இன்னும் டைட்.

இதையெல்லாம் ரிம் வேலைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று ஒருவர் சண்டைக்கு வருகிறார். கோன் தட்டினால் முதலில் கோன், நியாயம்தான், முதல் நாளே அதைத்தான் பார்க்கச் சொன்னேன். தட்டாமல் கரகரக்க மட்டும் செய்தால் எதை முதலில் செய்தாலும் குடி முழுகிவிடாது.

பிப்ரவரி 11

கொருக்குப்பேட்டை கேட்டில் தண்டவாளத்தில் முன் சக்கரம் சிக்கி எட்டு மாதிரி ஆகிவிட்டது என்று ஒருவர். அடி ஒன்றும் இல்லையே? தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கவே கூடாது, குறுக்கே நேராகப் போக வேண்டும், மழையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கேட் திறக்கிற நேரத்தில் பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தாலும் பரவாயில்லை.

கம்பிச் சக்கரம் மேலிருந்து வருகிற பாரத்தை நிறையவே வாங்கும், பக்கவாட்டில் ஒரு நெம்பு நெம்பினால் தாங்காது. எட்டு விழுந்த சக்கரத்தை எல்லாக் கம்பியையும் தளர்த்திவிட்டு முழங்காலில் வைத்து அமுக்கினாலோ தரையில் ஒரு அடி அடித்தாலோ பல சமயம் திரும்ப வரும். வந்த பிறகு கம்பிகளை ஒரே சீராக விறைத்துப் பார். சீரான விறைப்பில் ரிம் நேராக நின்றால் பிழைத்தது. ஒரு இடத்தில் மட்டும் கம்பி விண்ணென்று நிற்க, பக்கத்துக் கம்பி தொங்கினால்தான் ரிம் நேராகிறது என்றால் ரிம்மின் உலோகமே மடங்கிவிட்டது, அதைக் கம்பியால் இழுத்து நேராக்கி வைக்க முடியாது. மேலே கேட்ட "ரிம் மாற்றணுமா" என்பதற்கு என் பதிலும் இந்தச் சோதனைதான். பிரேக் பிடிக்கிற பக்கச் சுவர் குழிந்து தேய்ந்திருந்தாலும், நிப்பிள் ஓட்டையைச் சுற்றி விரிசல் தெரிந்தாலும் யோசிக்காமல் மாற்று.

பிப்ரவரி 12

டிஸ்க் பிரேக் வண்டிக்காரர்களுக்கு: உங்களுக்கு சரக் சரக் என்று கேட்டால் ரிம்மைக் குற்றம் சொல்லாதீர்கள், அது கட்டையின் பக்கத்திலேயே வருவதில்லை. டிஸ்க் தட்டு வளைந்திருக்கும், அல்லது காலிபர் தள்ளியிருக்கும். அதற்காக ரிம் கோணலாக இருந்தால் பரவாயில்லை என்று அர்த்தமும் இல்லை, மேலே எழுதிய தொய்வு வெடுக்கு எல்லாம் உங்கள் கம்பிக்கும் உண்டு.

பிப்ரவரி 18

உதிரி சாமான் எங்கே என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். பார்க் டவுன் ராசப்ப செட்டித் தெருவில் போய் நின்றால் போதும், கம்பி, நிப்பிள், சாவி, குண்டு எல்லாம் வரிசையாகக் கடை. ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள். பழைய சாமானைக் கையில் எடுத்துப் போனால் கடைக்காரர் பேசவே மாட்டார், பார்த்துவிட்டு எடுத்துப் போடுவார். கையில் ஒன்றும் இல்லாமல் "26 இஞ்சுக்குக் கம்பி" என்று கேட்டால் திட்டு நிச்சயம், ஹப்பையும் ரிம்மையும் பொறுத்து நீளம் மாறும்.

புது வண்டி வாங்கியவர்களும் கேளுங்கள். எந்திரத்தில் கோத்த சக்கரம் பெரும்பாலும் விறைப்பு குறைவாகவே வரும், ஓட்ட ஓட்டக் கம்பி உட்காரும். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு ஒரு தடவை எல்லாக் கம்பியையும் மீட்டிப் பார்த்துச் சீர் செய்தால் அந்தச் சக்கரம் அப்புறம் தொந்தரவு தராது. பள்ளியில் கொடுத்த சைக்கிளுக்கும் அதேதான், பிள்ளைகள் டபுள்ஸ் வேறு ஏற்றுகிறார்கள்.

மார்ச் 3

கடைசியாகத் தண்டையார்பேட்டையில் தண்ணீர் கேன் போடுகிறவர் கேட்டது. கேரியரில் இரண்டு கேன், 20 லிட்டர் கேன் ஒன்றே 20 கிலோவுக்கு மேல், அதோடு எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி உழுத பள்ளம். 14 கேஜ் கம்பி, அதாவது 2 மில்லிமீட்டர், இதற்குப் போதுமா?

சீராக விறைத்திருந்தால் 14 கேஜே நிறையத் தாங்கும், ஆகவே முதலில் அதைச் செய்யுங்கள், டயரில் காற்றையும் குறைய விடாதீர்கள், காற்றில்லாத டயரில் பள்ளத்து அடி முழுக்க ரிம்மில்தான் விழும். அப்படியும் கழுத்தில் அறுந்துகொண்டே இருந்தால் பின் சக்கரத்துக்கு மட்டும் 13 கேஜ் போடலாம், அது 2.3 மில்லிமீட்டர். காசிமேட்டிலிருந்து மீன் பெட்டி கட்டிப்போகிற வண்டிகளில் தடித்த கம்பி பார்த்திருப்பீர்கள். வாங்குமுன் ஒரு கம்பியை உங்கள் ஹப் ஓட்டையில் நுழைத்துப் பாருங்கள், சில ஹப்பில் கழுத்து நுழையாது. நிப்பிளையும் 13-க்கு என்றே கேட்டு வாங்க வேண்டும், பழைய நிப்பிள் அதில் ஏறாது.